சொத்து வரி உயர்ந்தால் வீட்டுக்காரர் முதலில் பார்க்க வேண்டியது எது?

சொத்து வரி போன தடவையைவிடக் கூடுதலாக வந்திருந்தால், "எத்தனை சதவீதம் ஏத்தியிருக்காங்க?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சதவீதம் ஊருக்கே பொதுவானது. தனி ஒருவர் மனு போட்டு அதைக் குறைக்க முடியாது. எந்தத் தொகையின் மேல் அது ஏறுகிறது என்பதுதான் உங்கள் வீட்டுக்கென்று உள்ள கணக்கு. அந்தக் கணக்கில் தவறு இருந்தால், வரி உயரும்போதெல்லாம் தவறும் சேர்ந்தே வளரும். அதைத் திருத்தும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் 2022 முதல் நடந்துவரும் உயர்வுகளை வைத்து இதைப் பார்ப்போம்.

2022-இல் என்ன நடந்தது?

சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2008-க்குப் பிறகும் சொத்து வரிக்குப் பொதுச் சீராய்வு எதுவும் நிலைக்கவில்லை. நடுவில் 2018-இல் ஓர் உயர்வு வந்தது. அதை எதிர்த்துக் குரல்கள் எழுந்தன. 2019 நவம்பரில் அது நிறுத்திவைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டியிருந்தவர்களுக்கு அடுத்தடுத்த அரையாண்டுகளில் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ள வழி செய்தார்கள்.

அப்புறம், மத்திய அரசின் வரி வருவாயை மாநிலங்களோடு பகிர்வதற்குப் பரிந்துரை செய்யும் 15-ஆவது நிதிக்குழு ஒரு நிபந்தனை வைத்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் வேண்டுமென்றால், மாநிலங்கள் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதங்களை அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரி வசூலும் வளர வேண்டும் என்றது. அதையொட்டி 2022 ஏப்ரல் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு உயர்வை அறிவித்தது.

2011-இல் விரிவாக்கப்படுவதற்கு முன்பிருந்த பழைய சென்னை எல்லைக்குள், குடியிருப்புகளுக்கான உயர்வு இப்படி: 600 சதுர அடி வரை 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 100 சதவீதம், அதற்கு மேல் 150 சதவீதம். 2011-இல் சென்னையோடு சேர்ந்த பகுதிகளிலும் மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளிலும் இதே நான்கு பிரிவுகளுக்கு 25, 50, 75, 100 சதவீதம். வணிகக் கட்டடங்களுக்குப் பழைய சென்னையில் 150 சதவீதம், மற்ற இடங்களில் 100 சதவீதம்.

இந்தப் பிரிவுகளை இன்னொரு தடவை படியுங்கள். 1,200 சதுர அடிக்கு மேலே இருக்கும் பகுதிக்கு மட்டும் கூடுதல் சதவீதம் என்று இதில் இல்லை. வீடு எந்தப் பிரிவில் விழுகிறதோ, அந்தச் சதவீதம் முழு வரிக்கும் பொருந்தும். பழைய சென்னையில் ஒரே அடுக்குமாடியில் இரண்டு வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று 1,190 சதுர அடி, மற்றது 1,210. இரண்டுக்கும் அரையாண்டு வரி ஏறத்தாழ 2,000 ரூபாயாக இருந்தது. உயர்வுக்குப் பிறகு முதல் வீட்டுக்கு 3,500, இரண்டாவது வீட்டுக்கு 4,000. இருபது சதுர அடி வித்தியாசத்துக்கு அரையாண்டுக்கு 500 ரூபாய், ஆண்டுக்கு 1,000 ரூபாய். அந்த 1,210 என்ற அளவே தவறாக எழுதப்பட்டதென்றால்? அதனால்தான் அளவைச் சரிபார்க்கும் வேலையை முதலில் வைக்கிறேன்.

இப்போது ஆண்டுதோறும் உயர்வு

தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. வருடக்கணக்கில் ஏற்றாமல் விட்டு ஒரேயடியாக ஏற்றுவதற்குப் பதிலாக, ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் முறையை அவை கொண்டுவந்தன. அதன்படி 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேற்றியது. 2024-25-இன் இரண்டாம் அரையாண்டில் அது அமலுக்கு வந்தது.

ஆறு சதவீதம் கேட்க சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு உயர்வும் முந்தைய உயர்வின் மேல் ஏறுகிறது. 3,500 ரூபாய் வரி ஒரு தடவை உயர்ந்தால் 3,710. தொடர்ந்து ஐந்து தடவை உயர்ந்தால் ஏறத்தாழ 4,680. பன்னிரண்டு தடவை உயர்ந்தால் இரண்டு மடங்கு.

இருந்தாலும், இருபது வருடம் சும்மா விட்டுவிட்டு ஒரே நாளில் இரட்டிப்பாக்குவதைவிட இந்த முறை எவ்வளவோ மேல் என்றே நினைக்கிறேன். திடீர் உயர்வில் அதிகம் அடிபடுவது ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள்தான். சொத்து வரி வருமானத்தைப் பார்ப்பதில்லை, கட்டடத்தை மட்டும்தான் பார்க்கிறது. நாற்பது வருடம் முன்பு கடன் வாங்கிக் கட்டிய பெரிய வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் இருப்பார்கள். வீடு 1,800 சதுர அடிக்கு மேல் என்பதால் மிக உயர்ந்த பிரிவில் அவர்கள் விழுவார்கள், கைக்கு வரும் பணமோ அதே ஓய்வூதியம்தான். ஆண்டுக்கு ஆறு சதவீதம் என்று முன்கூட்டியே தெரிந்தால், அவர்களால் அதற்குத் திட்டமிடவாவது முடியும்.

வரி எதன் மேல் கணக்காகிறது?

இதில் குழப்பம் நிறைய. "எங்கள் தெருவில் கிரவுண்டு விலை ஏறிவிட்டது, அதனால் வீட்டு வரியும் ஏறிவிட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. வீட்டின் சந்தை விலை இந்தக் கணக்கில் நேரடியாக வருவதில்லை. பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு உயர்ந்தால் கூடுவது முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும். சொத்து வரி நிற்பது ஆண்டு வாடகை மதிப்பின் மேல்.

அது நீங்கள் உண்மையில் வாங்கும் வாடகையும் அல்ல. ஒவ்வொரு தெருவுக்கும் அல்லது பகுதிக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை வீதத்தை உள்ளாட்சி வைத்திருக்கும். அதைக் கட்டடப் பரப்பால் பெருக்கி மாத வாடகை மதிப்பையும், அதிலிருந்து ஆண்டு மதிப்பையும் எடுக்கிறார்கள். கட்டடத்தின் வயது, கட்டுமான வகை, சொந்தக் குடியிருப்பா வாடகையா, வீடா கடையா என்பவற்றைப் பொறுத்து அது கூடும், குறையும். இங்கே பரப்பு என்றால் சுவர்களையும் சேர்த்த பிளிந்த் ஏரியா. உள்ளே டேப் வைத்து அளந்துவிட்டு "கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள்" என்று போய் நிற்காதீர்கள், சுவர் கனத்தையும் சேர்த்து அளக்க வேண்டும்.

சொத்து வரி உயர்ந்தால் அதோடு ஒட்டியவையும் உயரும். நூலக வரி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. சென்னையில் குடிநீர் வாரியம் வாங்கும் குடிநீர், கழிவுநீர் வரியும் ஆண்டு மதிப்பை வைத்தே போடப்படுகிறது. ஆகவே ஆண்டு மதிப்பில் இருக்கும் பிழை, இரண்டு அலுவலகங்களின் பில்லிலும் வந்து நிற்கும்.

எங்கே தவறுகள் ஒளிந்திருக்கின்றன?

முதலாவது பரப்பு. விற்பனைப் பத்திரத்திலும் அனுமதி பெற்ற வரைபடத்திலும் உள்ள பரப்பை, வரிவிதிப்புப் பதிவேட்டில் உள்ள பரப்போடு ஒப்பிடுங்கள். அடுக்குமாடியில் பொதுப் பகுதியின் பங்கு எப்படிச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். பக்கத்து வீடு அதே அளவுதான், ஆனால் வரி வேறு என்றால், யாராவது ஒருவருடைய பதிவு சரியில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது பயன்பாடு. பணம் அதிகம் போகும் இடம் இதுதான். கீழே முன் அறையில் ஒரு காலத்தில் தையல் கடை இருந்திருக்கும். வரி போட்டபோது அந்தப் பகுதியை வணிகம் என்று எழுதியிருப்பார்கள். கடையை மூடிப் பல வருடம் ஆகியிருக்கும், இப்போது அது பாட்டியின் படுக்கையறை. பதிவேட்டில் மட்டும் இன்னும் கடைதான். வணிகப் பகுதிக்கு அடிப்படை வீதமே கூடுதல், அதன் மேல் 2022-இல் வணிகத்துக்கான உயர்வும் ஏறியிருக்கும். பயன்பாடு மாறியதை நாம் எழுதிக் கொடுக்காதவரை அலுவலகத்துக்குத் தெரிய வழியில்லை. மின் இணைப்பை வீட்டு உபயோகத்துக்கு மாற்றியிருந்தால் அந்த ரசீதும் நல்ல சான்று.

மூன்றாவது, நீங்களே குடியிருக்கும் வீடு வாடகை வீடு என்று பதிவாகியிருப்பது, கட்டடத்தின் வயது விட்டுப்போயிருப்பது போன்றவை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மாடியில் ஒரு தளம் கட்டிவிட்டுத் தெரிவிக்காமல் இருந்தால், அதுவும் ஒருநாள் வெளிவரும். சென்னையில் ட்ரோன், ஜிஐஎஸ் (கணினி வரைபட) கணக்கெடுப்பு வைத்தே விட்டுப்போன பரப்புகளைத் தேடியிருக்கிறார்கள். கண்டுபிடிக்கப்பட்டால் பழைய காலத்துக்கும் சேர்த்துக் கேட்பார்கள். நாமாகவே தெரிவித்துவிடுவதுதான் நல்லது.

ஆட்சேபனை எப்படிச் சொல்வது?

புதிய வரிவிதிப்பு நோட்டீஸ் வந்தால், அதில் கொடுத்திருக்கும் கெடுவைப் பாருங்கள். அதற்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுக்க வேண்டும். பில் கலெக்டரிடம் வாய்மொழியாகச் சொன்னது எங்கேயும் பதிவாகாது. ஆணையர் பெயருக்கு, மண்டல அலுவலகத்தில் அல்லது நகராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் "வரி அதிகம்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. "பதிவேட்டில் 1,210 சதுர அடி, அனுமதி வரைபடப்படி 1,165 சதுர அடி, மறு அளவீடு செய்து திருத்தித் தரவும்" என்று எழுதி, வரைபட நகலை இணையுங்கள். இடத்துக்கு வந்து அளந்து பார்க்க அலுவலர் வருவார், அன்று வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

கணக்கு எப்படிப் போடப்பட்டது என்றே தெரியவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்து, உங்கள் வரிவிதிப்பு எண்ணுக்குப் பதிவான பரப்பு, பயன்பாடு, அடிப்படை வீதம், கழிவுகள் ஆகியவற்றைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இந்தக் கணக்குத் தாளை வரியோடு சேர்த்தே ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தால், பாதி மனுக்கள் வரவே வராது. மக்கள் பணம் கட்டும்போது அதன் கணக்கைக் காட்டுவது உள்ளாட்சியின் கடமை என்பது என் உறுதியான கருத்து.

ஆணையரின் முடிவிலும் திருப்தி இல்லையென்றால் வரி மேல்முறையீடு உண்டு, அதன் பிறகு நீதிமன்றம். ஆனால் மனு நிலுவையில் இருக்கிறதே என்று வரியைக் கட்டாமல் விடாதீர்கள். வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். கட்டிவிட்டு வாதாடலாம். குறைத்து உத்தரவு வந்தால் கூடுதல் தொகையை அடுத்த அரையாண்டுகளில் ஈடு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கட்டும் தேதியிலும் பணம் இருக்கிறது

முதல் அரையாண்டு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, இரண்டாவது அக்டோபர் முதல் மார்ச் வரை. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டுபவர்களுக்கு 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதத்துக்கு 1 சதவீத தனிவட்டி. 3,500 ரூபாய் வரிக்கு நேரத்தோடு கட்டினால் 175 ரூபாய் மிச்சம். ஆறு மாதம் வட்டி ஏறவிட்டால் 210 ரூபாய் கூடுதல். இரண்டையும் சேர்த்தால் வித்தியாசம் 385 ரூபாய், அதாவது அந்த வரியில் 11 சதவீதம். எல்லோரும் வருத்தப்படும் 6 சதவீத உயர்வைவிட அது பெரிது.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். வருமான வரியில் வீட்டு வாடகை வருமானத்தைக் காட்டும்போது, அந்த நிதியாண்டில் உரிமையாளர் உண்மையில் கட்டிய உள்ளாட்சி வரியைக் கழித்துக்கொள்ளலாம். பாக்கி வைத்திருந்தால் கழிக்க முடியாது. அதற்காகவே ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பழைய வீடு வாங்குபவர்களுக்கு

சொத்து வரி பாக்கி ஆளோடு போகாது, சொத்தோடு நிற்கும். விற்றவர் நான்கு வருடம் கட்டாமல் விட்டிருந்தால், அலுவலகம் வந்து கேட்பது இப்போது அந்த வீட்டில் இருக்கும் உங்களிடம்தான். கிரயத்துக்கு முன்பே வரிவிதிப்பு எண்ணை வாங்கி, உள்ளாட்சியின் இணையதளத்தில் நிலுவை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதே நேரத்தில் பதிவேட்டில் உள்ள பரப்பையும் பத்திரத்தில் உள்ள பரப்பையும் ஒத்துப் பாருங்கள். விற்பவர் மேல்தளத்துக்கு வரி போடாமலே வைத்திருந்தால் அது அப்போதே தெரிந்துவிடும், விலை பேசும்போது சொல்லலாம்.

கிரயம் முடிந்ததும் வரிவிதிப்பில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். விற்பனைப் பத்திர நகலும் கடைசியாகக் கட்டிய ரசீதும் தேவைப்படும். வரி ரசீதில் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்றாகாது, அதற்குப் பத்திரம்தான். ஆனால் பெயர் மாறாமல் இருந்தால், அடுத்த வரிவிதிப்பு நோட்டீஸ் பழைய உரிமையாளர் பெயரில் போகும். அது உங்கள் கைக்கு வந்து சேர்வதற்குள் ஆட்சேபனைக்கான கெடு முடிந்திருக்கும்.