ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அவர்கள் தந்த தாளில் 22 நிமிடம் என்று போட்டிருக்கிறது. யார் சொல்வது பொய்? இதையெல்லாம் விசாரிக்கிறவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?"

இரண்டு பேருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அழைப்பு சென்னைக்குப் போகிறது, அங்கிருந்து பக்கத்தில் இருக்கும் வண்டிக்குத் தகவல் வருகிறது, பைலட்டும் (ஓட்டுநர்) இஎம்டியும் (அவசர மருத்துவ உதவியாளர்) கிளம்புகிறார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. 108-ஓ தனியார் வண்டியோ, ஒவ்வொரு பயணமும் வரிசையாகச் சில நேரங்களை விட்டுச் செல்கிறது: போன் எடுத்தது, வண்டி கிளம்பியது, இடத்தை அடைந்தது, நோயாளியைத் தொட்டது, ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. விசாரிக்கிறவரின் முதல் வேலை இவற்றை ஒரே கோட்டில் அடுக்குவது. கேட்க எளிதாக இருக்கும். செய்யப்போனால் தலைவலி, ஏனென்றால் ஒவ்வொரு நேரத்தையும் பதிவு செய்தது வேறு வேறு கடிகாரம்.

அதற்கும் முன்னால் ஒரு சிக்கல். பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நொடியிலிருந்து வீட்டார் எண்ணுகிறார்கள். தண்ணீர் கொடுத்தது, வாயுவாக இருக்கும் என்று பெருங்காயம் கரைத்தது, அக்கம்பக்கத்தில் கார் கேட்டது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தாள் எண்ணத் தொடங்குவது அழைப்பு வந்த பிறகு. போதாததற்குப் பயத்தில் நேரம் நீள்கிறது. டேவிட் ஈகிள்மன் என்ற நரம்பியல் ஆய்வாளரின் குழு ஆட்களை உயரத்திலிருந்து கீழே வலையில் விழவைத்து, 'எவ்வளவு நேரம் விழுந்தாய்?' என்று கேட்டது. அடுத்தவர் விழுந்த நேரத்தைவிடத் தாங்கள் விழுந்த நேரத்தை அவர்கள் சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டித்தான் சொன்னார்கள். 2007-ல் வெளியான ஆய்வு அது.

சரி, கடிகாரங்களுக்கு வருவோம். கால் சென்டர் கணினியும் செல்போனும் நெட்வொர்க்கிலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்கின்றன. வண்டியின் ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வாங்குகிறது. இவற்றைப் பெரும்பாலும் நம்பலாம். நம் குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை, கோதையாறு மாதிரி மலைப் பகுதிகளில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். டவர் கிடைக்காத இடத்தில் ஜிபிஎஸ் கருவி தன் இருப்பிடத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் மொத்தமாக அனுப்பும். தகவல் சர்வருக்கு வந்த நேரத்தைப் பார்த்தால், அடிவாரத்துக் குலசேகரம் வந்த பிறகுதான் வண்டி மலையில் இருந்தது போலத் தோன்றும். செயற்கைக்கோள் குறித்த நேரத்தைத்தான் எடுக்க வேண்டும்.

பிரச்சினை வண்டி நின்ற பிறகு தொடங்குகிறது. நம் மாவட்டத்தில் வீடுகள் தெருவை ஒட்டி வரிசையாக இருப்பது குறைவு. ரப்பருக்கும் தென்னைக்கும் நடுவே, ஒரு விளையை (தோட்டத்தை) தாண்டி இன்னொரு விளையில் இருக்கும். ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு, ஓடையைத் தாண்டிப் படி ஏறிப் போக வேண்டும். 'வந்து சேர்ந்தது' என்று ஜிபிஎஸ் சொல்வது ரோட்டுக்கு வந்ததைத்தான். மாரடைப்பு முற்றி இதயம் நின்றே போனால், நெஞ்சை அழுத்தாமலும் மின்னதிர்ச்சி தராமலும் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. அந்த ஒற்றையடிப் பாதையில் போன மூன்று நான்கு நிமிடங்களுக்கு யார் சாட்சி?

சாட்சி ஒன்று உண்டு. இஎம்டி கையில் கொண்டுபோகும் ஈசிஜி மானிட்டர். நெஞ்சில் பட்டைகளை ஒட்டியதும் முதல் துடிப்பு பதிவாகும், கூடவே நேரமும். நோயாளியைத் தொட்ட நொடியை இயந்திரம் குறித்துக்கொள்வது அநேகமாக இங்கே மட்டும்தான். ஆனால் மானிட்டருக்குள் இருப்பது தனிக் கடிகாரம். யாராவது கையால் திருத்தினால்தான் உண்டு.

இந்தக் கடிகாரத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். உள்ளே சில மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகம், இசைக்கவை (ட்யூனிங் ஃபோர்க்) வடிவத்தில் வெட்டப்பட்டிருக்கும். குவார்ட்ஸை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1880-ல் கண்டவர்கள் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும். மின்சாரம் கொடுத்தால் படிகம் வளையும் என்பதும் அடுத்த ஆண்டே தெரிந்துவிட்டது. அந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் கவை நிற்காமல் அதிரும். நொடிக்குச் சரியாக 32,768 முறை அதிரும்படி அதை வெட்டியிருப்பார்கள். ஏன் இந்த விநோத எண்? இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் பதினைந்தாம் படியில் வருவது 32,768. எண்ணிக்கையைப் பாதியாக்கும் சின்னச் சுற்றுகள் பதினைந்தை வரிசையாக வைத்தால் கடைசியில் நொடிக்கு ஒரே ஒரு துடிப்பு மிஞ்சும். மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்காது என்பதால் கடிகாரம் கீச்சிடவும் செய்யாது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். இந்தக் கவையை 25 டிகிரி செல்சியஸில் சரியாக ஓடும்படி வெட்டுகிறார்கள். அதற்கு மேலே போனாலும் மெதுவாகும், கீழே போனாலும் மெதுவாகும். வேகமாவதே இல்லை. 25-லிருந்து எத்தனை டிகிரி விலகியதோ அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 0.034-ஆல் பெருக்கினால், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பின்தங்கும் என்று கிடைத்துவிடும். 35 டிகிரியில் 3.4 பங்கு, நாளுக்குக் கால் நொடிச் சொச்சம்தான். கதவைச் சாத்தி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் 55 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 31 பங்கு. அதே சூட்டில் இருக்கும்வரை நாளுக்கு இரண்டரை நொடிக்கு மேல் பின்தங்கும். இஎம்டியின் கைக்கடிகாரத்தை அவருடைய உடம்பே ஓரளவு சம வெப்பத்தில் வைத்துக்கொள்கிறது. வண்டியில் கிடக்கும் விலை உயர்ந்த மானிட்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தயாரிப்பிலேயே இருக்கும் பிசகு வேறு: பத்து லட்சத்துக்கு 20 பங்கு என்பது சாதாரணம், ஒரு வருடத்தில் அது பத்து நிமிடத்தைத் தாண்டிவிடும்.

ஆனால் இந்தத் தவறு ஒழுங்கான தவறு. அதனால்தான் இதைத் திருத்தவும் முடிகிறது. விசாரிக்கிறவர் மானிட்டர் திரையையும் தன் செல்போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக எடுத்துக்கொள்வார். இன்று நான்கு நிமிடம் பின்னால், கடைசியாக நேரம் வைத்தது எட்டு மாதம் முன்பு என்றால், சம்பவம் நடந்த நாளில் எவ்வளவு பின்னால் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். அப்புறம் ஒரு சரிபார்ப்பு வேண்டும்: இரண்டு கடிகாரங்களும் பார்த்த ஒரே நிகழ்ச்சி. வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்ததை ஜிபிஎஸ்ஸும் பார்த்தது, சிசிடிவியும் பார்த்தது என்றால் சிசிடிவியின் பிசகு தெரிந்துவிடும். ரயில்வே கேட்டில் மாட்டியிருந்தால், கேட் எப்போது மூடித் திறந்தது என்று கேட்கீப்பரின் பதிவேடு சொல்லும். இன்னும் அருமையானது கரண்ட் கட். ஒரே லைனில் இருக்கும் கடைகளின் கேமராக்கள் எல்லாம் ஒரே நொடியில் நின்றுபோயிருக்கும். யாருடைய கடிகாரம் என்ன காட்டினாலும் நின்ற நொடி ஒன்றுதான். ஆனி, ஆடிக் காற்றில் நம் ஊரில் இந்த உதவிக்குப் பஞ்சமே இல்லை.

கையால் எழுதிய நேரங்களுக்கு வேறு சோதனை. மனிதன் எழுதினால் 10.05, 10.10, 10.15 என்று ஐந்தைந்தாகத்தான் வரும். நிறையத் தாள்களைச் சேர்த்து வைத்து, கடைசி இலக்கத்தை எண்ணினாலே போதும். இங்கிலாந்தில் உயிராபத்தான அழைப்புகளில் 75 சதவீதத்துக்கு 8 நிமிடத்துக்குள் போக வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தபோது, சில ஆம்புலன்ஸ் சேவைகளின் பதிவுகள் 8 நிமிடத்தை ஒட்டி மலைபோலக் குவிந்து, தாண்டியதும் சட்டென்று பள்ளமாயின. எட்டரை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தவர்களே அநேகமாக இல்லை! அந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான் நேரங்கள் 'திருத்தப்பட்டது' வெளியே வந்தது.

அதே நாட்டில் 2017-ல் மருத்துவச் சேவையில் நடக்கும் தவறுகளை விசாரிக்கத் தனி அமைப்பு தொடங்கினார்கள். முதல் தலைவர் விமான விபத்துகளை விசாரித்துக்கொண்டிருந்தவர். யார்மீது பழி என்பது அவர்கள் கேள்வி இல்லை, எந்த ஏற்பாடு எங்கே சறுக்கியது என்பதுதான். நம் நாட்டிலும் விமானத்துக்கு அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது. ரயிலுக்குப் பாதுகாப்பு ஆணையர் இருக்கிறார், அவர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கீழே வராமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழே வருகிறார். ஆம்புலன்ஸுக்கு? சேவையை நடத்துகிறவரே விசாரித்துத் தாளும் தருகிறார். புது வண்டி வாங்கிக் கொடியசைக்கக் காசு இருக்கிறது. வாரம் ஒருமுறை மானிட்டர் கடிகாரங்களைச் சரிசெய்ய ஓர் ஆளை வைப்பதற்கு அதில் ஒரு துளி போதும். இந்திய நேரத்தைக் காக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் இணையத்தில் நேரத்தை இலவசமாகவே தருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ராகு காலம் முடியட்டும் என்று நெஞ்சுவலிக்காரரை வீட்டில் உட்கார வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதைப் பார்ப்பது ஏழு நிமிடம் தள்ளி ஓடும் சுவர்க்கடிகாரத்தில்! சூரியன் ஆறு மணிக்கே உதிப்பதாக வைத்து அச்சிட்ட அட்டவணைக்காகப் போகும் ஒன்றரை மணி நேரம் எந்தத் தாளிலும் ஏறாது, எந்த விசாரணையிலும் வராது.

வாசகர் செய்ய வேண்டியது இது. செல்போனின் அழைப்புப் பட்டியலை அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள், நீங்கள் எப்போது அழைத்தீர்கள் என்பதற்கு அதுதான் நல்ல சாட்சி. தாளில் உள்ள 22 நிமிடம் எதிலிருந்து எதுவரை, எந்தக் கடிகாரத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். மானிட்டர் பதிவின் நகலையும் கேளுங்கள். முக்கு ரோட்டுக் கடையில் கேமரா இருந்தால் உடனே போய்க் கேட்க வேண்டும், டிஸ்க் நிறைந்ததும் டிவிஆர் (கேமராப் பதிவுக் கருவி) பழையதை அழித்து எழுதிவிடும். பதிவை வாங்கும்போது அந்தக் கருவியின் திரையையும் உங்கள் செல்போனையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடினால் மிரள வேண்டாம், பெட்டியில் வந்த சீன நேரத்தைக் கடைக்காரர் மாற்றவே இல்லை என்று அர்த்தம்.