மறுநாள் காலையில் திரும்பி வரும் புரோகிராம்

பெரம்பூரில் இருக்கும் அக்கா மகனின் லேப்டாப்புக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. 4 ஜி.பி. ராம், பழைய ஹார்ட் டிஸ்க். பி.டி.எஃப். மாற்றித் தரும் இலவச புரோகிராம் ஒன்றை இறக்கி, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்திக்கொண்டே போயிருக்கிறான், கூடவே 'கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன்' என்று இன்னொன்றும் ஏறிக்கொண்டது. ஆன் செய்ததும் நூற்றுக்கணக்கில் பிழை இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்கும். கன்ட்ரோல் பேனலில் போய் நீக்கினான், மறுநாள் காலையில் திரும்பி வந்துவிட்டது. "மாமா, ஃபார்மட் அடிச்சிடலாமா?" என்று போன். கொஞ்சம் பொறுடா, ஞாயிற்றுக்கிழமை வரேன் என்றேன்.

கன்ட்ரோல் பேனலில் தெரிவது வெறும் பட்டியல்தான். அங்கே அன்இன்ஸ்டால் அழுத்தினால், பெரும்பாலும் அந்தப் புரோகிராம் தன்னோடு கொண்டுவந்த நீக்கும் ஃபைலைத்தான் விண்டோஸ் ஓடவிடுகிறது. ஒழுங்கான புரோகிராம் என்றால் துடைத்துக்கொண்டு போய்விடும். இந்த மாதிரி ஆட்கள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுத்துவிட்டு, தங்களைத் திரும்ப எழுப்பும் ஏற்பாட்டை உள்ளேயே வைத்துவிட்டுப் போவார்கள். அதனால் ஃபைலைத் தேடி அழிப்பதற்கு முன்னால், அதை எழுப்புவது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனதும், ஓடிக்கொண்டிருப்பவற்றைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் அதன் பெயரைப் பிடித்து நிறுத்தினோம். மறைந்தது, இரண்டு விநாடியில் அதே பெயர் மறுபடி முளைத்தது. இரண்டு புரொசஸ்கள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள், ஒன்றுக்கொன்று காவல் இருந்தால் இப்படித்தான், ஒன்றை நிறுத்தினால் மற்றது உடனே எழுப்பிவிடும். ஃபோல்டரை அழிக்கப் போனாலும் விடவில்லை, ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் ஃபைலை விண்டோஸ் நினைவகத்தோடு பிணைத்து வைத்திருக்கும், ஓட்டம் நிற்கும்வரை அழிக்க அனுமதிக்காது.

எழுப்பும் இடங்கள் பல. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ரன்' என்ற பகுதி, பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள், அப்புறம் குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் டாஸ்க் ஷெட்யூலர். பலரும் எட்டிப் பார்க்காத இடம் இந்தக் கடைசிதான். எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்ட ஆட்டோரன்ஸ் என்று ஒரு கருவி உண்டு, சிஸின்டர்னல்ஸ் தொகுப்பில் வருவது, அதைத் தந்த நிறுவனத்தையே 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது, இலவசம்தான். பழைய லேப்டாப் வைத்திருக்கும் எல்லோரிடமும் இது இருக்க வேண்டும் என்பேன். மைக்ரோசாஃப்டின் சொந்த வரிகளை மறைக்கச் சொன்னதும் பட்டியல் பாதிக்குமேல் சுருங்கியது. ஷெட்யூலர் பகுதியில், ஏதோ அப்டேட் மாதிரி பெயர் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை லாகின் செய்யும்போதும் ஓடும்படி ஒரு வரி. அது காட்டிய இடம், ஒவ்வொரு பயனருக்கும் தனியாக இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டர். அங்கே எழுத அட்மின் அனுமதி தேவையில்லை, அதனால்தான் இவை அங்கே குடியேறுகின்றன.

வரியை உடனே அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்தோம். தவறான வரியாக இருந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் இல்லையா?

அடுத்து சேஃப் மோட். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கான வழி வரும். இந்த நிலையில் விண்டோஸ் தனக்கு அத்தியாவசியமான டிரைவர்களையும் சர்வீஸ்களையும் மட்டும் எழுப்பும், 'ரன்' பகுதியைக் கண்டுகொள்ளாது, டாஸ்க் ஷெட்யூலரும் ஓடாது. காவலாளிகள் இரண்டு பேரும் தூக்கத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். சற்றுமுன் முரண்டு பிடித்த ஃபோல்டர் ஒரே டிலீட்டில் போனது. ஆனால் நேரடியாக இங்கே வந்துவிடாதீர்கள், விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை சேஃப் மோடில் இயங்காது, முறையான அன்இன்ஸ்டாலை முன்பே முயன்றுவிட வேண்டும்.

பிரவுசரையும் பார்த்துவிடுங்கள். வீட்டு லேப்டாப்பில் குரோம் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று சொன்னால், யாரோ ரெஜிஸ்ட்ரியில் பாலிசி, அதாவது பிரவுசர் மீறமுடியாத கட்டளை, எழுதியிருக்கிறார்கள். சில ஆன்டிவைரஸ்களும் அப்படி எழுதுவதுண்டு. அந்தப் பாலிசி வழியாக வந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் துணைப் புரோகிராம்) என்றால், பாலிசியை நீக்காமல் அது போகாது. இதெல்லாம் கைக்கு எட்டாது என்பவர்கள் இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தரும் இலவசக் கருவிகளைப் பயன்படுத்தலாம், 2017 முதல் இருக்கிறது.

ரீஸ்டார்ட் செய்து, வழக்கமான முறையில் ஏறி, ஆட்டோரன்ஸை மறுபடி திறந்தோம். நாங்கள் டிக் எடுத்த வரி மஞ்சளாக மாறியிருந்தது: எழுப்ப வேண்டிய ஃபைல் அங்கே இல்லை. அந்த வரியையும் அவனே அழித்தான்.