பிராஸ்பெக்டிங்: வாடிக்கையாளர் நாடல்

விற்பனைத் துறையில் புதிதாகச் சேர்பவர்கள் முதல் நாளிலேயே கேட்கும் சொல் ‘பிராஸ்பெக்டிங்’. எஸ்.டி.ஆர். எனப்படும் விற்பனை மேம்பாட்டுப் பிரதிநிதிக்கு இதுதான் முழுநேர வேலை. அமெரிக்காவுக்கு மென்பொருள் விற்கும் சென்னை நிறுவனங்களில் இந்தப் பணி மாலையில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும். பொருளை வாங்கக்கூடிய நிறுவனங்களைப் பட்டியலிட்டு, உரிய ஆளைக் கண்டுபிடித்து, போனிலும் மின்னஞ்சலிலும் பேசி, தேறுபவர்களை மட்டும் மூத்த விற்பனையாளரிடம் சேர்க்க வேண்டும். விலை பேசி முடிப்பது அவர் பாடு. இந்த பிராஸ்பெக்டிங்கைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘முன்னோக்கிப் பார்த்தல்’ என்னும் பொருளுடைய லத்தீன் சொல்தான் இதன் வேர். சுரங்கத் தொழில் அதை வினையாக்கிக்கொண்டது. 1848இல் கலிஃபோர்னியாவில் பொன் கிடைத்த செய்தி பரவியதும், ஆற்றோரங்களில் குவிந்து தட்டில் மணலை அலசியவர்களுக்கு பிராஸ்பெக்டர் என்று பெயர். விற்பனையில் வழங்கும்போதும் தேடலோடு கழித்தெடுப்பதும் இச்சொல்லில் அடங்கும்.

அதனால்தான் ‘வாய்ப்பு தேடல்’ என்ற மொழிபெயர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. வேலையில்லாதவர் செய்வதும் அதுதானே! கழித்தெடுக்கும் பொருள் அதில் துளியும் இல்லை. பொற்கொல்லர் பட்டறை மண்ணை அலசிப் பொன் துகள் எடுப்பவரை அரிப்புக்காரர் என்பார்கள். பொருள் கச்சிதம்தான், ஆனால் வாடிக்கையாளரை ‘அரிப்பது’ என்று எழுதினால் நச்சரிப்பதாகவே படும்.

என் தேர்வு ‘நாடல்’. மருத்துவரை நாடுகிறோம் என்றால் தேடிப் போகிறோம் என்று பொருள். ‘குணம்நாடிக் குற்றமும் நாடி’ என்னும் குறளில் (504) அதே சொல் ஆராய்வதைக் குறிக்கிறது. தேடுவது, அணுகுவது, ஆராய்வது மூன்றும் ஒரே வினையில்!

ஓஹையோவில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவன மேலாளர், “இப்போதுள்ள மென்பொருளுக்கு மார்ச் வரை ஒப்பந்தம் இருக்கிறது” என்று சொல்லி போனை வைத்துவிடுகிறார் என்று கொள்வோம். தேட மட்டும் தெரிந்தவர் அந்தப் பெயரை அடித்துவிடுவார். நாடத் தெரிந்தவர் ஜனவரியில் மறுபடி அழைக்கக் குறித்துக்கொள்வார்; பணம் ஒதுக்கும் அதிகாரம் அந்த மேலாளருக்கு உண்டா என்றும் விசாரித்து வைப்பார்.

ஆகவே பிராஸ்பெக்டிங்கை ‘வாடிக்கையாளர் நாடல்’ என்றும், எஸ்.டி.ஆரை ‘விற்பனை நாடுநர்’ என்றும் எழுதலாம். பிராஸ்பெக்டுக்கு ‘வாங்கக்கூடியவர்’ என்பதே போதும்.