கண்ட்ரோல் குழாய்க்குத் தமிழில் என்ன பேர்?

மதுரையில் எந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் போய் உட்கார்ந்தாலும் காலை ஏழு மணிக்கு இந்தக் கேள்வி காதில் விழும்: "சுகர் கண்ட்ரோல்ல இருக்காங்க?" அதே நேரம் உள்ளறையில் ஒருவர் இன்னொருவரிடம், "கண்ட்ரோல் போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். சொல் ஒன்றுதான். முன்னதில் அடங்கியிருப்பது என்று பொருள். பின்னதில் அந்தப் பொருள் துளியும் கிடையாது.

எங்களிடம் பயிற்சிக்கு வந்த தமிழ்வழி மாணவி ஒருத்தி தன் நோட்டில் "கட்டுப்பாட்டுக் குழாய்: கிருமி அதிகம் வளராமல் கட்டுப்படுத்தும் குழாய்" என்று எழுதி வைத்திருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கட்டுப்பாடு என்று அச்சடித்துக் கொடுத்தால் யாரும் அப்படித்தான் படிப்பார்கள்.

அந்தக் குழாயின் வேலை வேறு: சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று காட்டுவது. எப்படி என்று பார்ப்போம். சிறுநீர் மாதிரியிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தாயிற்று, இனி அதற்குப் பேர் வைக்க வேண்டும். கிராம் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் ஈ. கோலையும் சிவப்புக் குச்சி, கிளெப்சியெல்லாவும் சிவப்புக் குச்சி. அதனால் அது எதைத் தின்று எதைக் கழிக்கிறது என்று பார்க்கிறோம். உயிர்வேதிச் சோதனை என்பது இதுதான். டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் உள்ள திரவத்தில் அதைக் கலந்து, 37 டிகிரியில் ஒரு நாள் வைத்து, மறுநாள் கோவாக்ஸ் கரைசலில் சில சொட்டு விட்டால், ஈ. கோலை இருக்கும் குழாயின் மேற்பரப்பில் குங்குமச் சிவப்பாக ஒரு வளையம் எழும். டிரிப்டோபேனை உடைத்து இண்டோல் ஆக்கும் நொதி அதனிடம் உண்டு. கிளெப்சியெல்லா நிமோனியேயிடம் அது இல்லை. வளையம் மஞ்சளாகவே நிற்கும். (இண்டோல் என்ற பேர் அவுரிச் சாயமான இண்டிகோவிலிருந்து வந்தது. இண்டிகோ என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கு 'இந்தியச் சரக்கு' என்று அர்த்தம். அது தனிக் கதை.)

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சித்திரை வெயிலில், நாலு நாளாக ஒரு குழாயிலும் சிவப்பு எழவில்லை. நானும் பாட்டுக்கு இண்டோல் நெகட்டிவ் என்று எழுதித் தள்ளினேன். மூத்த அக்கா ஒருவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "சிறுநீர்ல ஈ. கோலையே வராத வாரமும் உண்டா தம்பி? கண்ட்ரோல் போட்டியா?" என்றார். போடவில்லை. வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய கோவாக்ஸ் கரைசல் புட்டிக்குள் பழுப்பேறிக் கிடந்தது. சந்தேகமே இல்லாத ஈ. கோலையை எடுத்து அதே கரைசலை விட்டார். அதுவும் மஞ்சள். புதுப் புட்டி பிரித்து விட்டதும் சிவப்பு எழுந்தது. நாலு நாள் மாதிரிகளையும் மறுபடி போட்டு, டாக்டர்களுக்குப் போன் பண்ணித் திருத்திச் சொன்னோம்.

அக்கா போட்ட அந்தத் தெரிந்த ஈ. கோலைதான் பாசிட்டிவ் கண்ட்ரோல். உலகம் முழுக்க இதற்கென்றே வைத்திருக்கும் வகைகள் உண்டு; ஏடிசிசி என்ற அமெரிக்கக் கிருமிச் சேமிப்பகத்தின் 25922 எண் ஈ. கோலை அதில் ஒன்று. நம் நாட்டில் சண்டிகரிலுள்ள எம்டிசிசி சேமிப்பகத்தில் இப்படிப்பட்ட கிருமிகளை வாங்கலாம். நெகட்டிவ் கண்ட்ரோல் என்பது நிறம் காட்டவே கூடாத கிருமி. ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைத் தாள் காற்றுப் பட்டுத் தானாகவே ஊதா ஆகிவிடும். அந்த நொதி இல்லாத ஈ. கோலையைத் தடவியும் ஊதா வந்தால் தாள் பொய் சொல்கிறது என்று அர்த்தம். கிருமியே போடாத குழாய் ஒன்றும் கூட வைப்பார்கள். அது கலங்கினால் ஊடகம், அதாவது கிருமி வளர்க்கும் திரவம், ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கிறது.

ஆக, இதில் யாரும் யாரையும் கட்டுப்படுத்தவில்லை. ஒத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். சொல்லின் பிறப்பும் அதையே சொல்கிறது. லத்தீனில் 'கோன்ட்ரா' என்றால் எதிர், 'ரோட்டுலுஸ்' என்றால் சுருள். இடைக்கால ஐரோப்பாவில் கணக்கு எழுதிய சுருளுக்கு இன்னொரு படி வைத்துக்கொண்டு, இரண்டையும் சரிபார்ப்பார்கள். அந்த எதிர்ச்சுருள்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து கண்ட்ரோல் ஆனது. சரிபார்க்கிறவன் கையில் அதிகாரம் சேரும் அல்லவா, அப்படியே அடக்கி ஆளுதல் என்ற பொருளும் ஏறிக்கொண்டது. ஆய்வகம் மட்டும் பழைய பொருளை விடாமல் பிடித்திருக்கிறது.

தமிழிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. இன்று கட்டளை என்றால் உத்தரவு. ஆனால் குறள் 505-இல் வரும் 'கட்டளைக் கல்' பொன்னை உரைத்துப் பார்க்கும் கல். அங்கே கட்டளை என்பது அளவு, தரம்.

சின்ன வயதில் அம்மாவோடு தெற்காவணி மூல வீதிக்குப் போனபோது ஆசாரி வளையலைக் கறுப்புக் கல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். பக்கத்திலேயே மாற்று (தங்கத்தின் தரம்) தெரிந்த ஊசி ஒன்றால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் அமிலம் தொட்டு வைத்து, எது எவ்வளவு மங்குகிறது என்று குனிந்து பார்த்தார். அந்த ஊசிக்குத் தமிழில் உரையாணி என்று பேர். பாசிட்டிவ் கண்ட்ரோல் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

பொருளுக்கு உரையாணிதான் கச்சிதம். ஆனால் மதுரையில் நின்றுகொண்டு "ஆணி போட்டாச்சா?" என்று கேட்டால், "எங்கண்ணே புடுங்கணும்?" என்று பதில் வரும். அதனால் எழுத்தில் நான் 'ஒப்பு' என்று வைத்துக்கொள்கிறேன்: நேர் ஒப்பு, எதிர் ஒப்பு, வெற்றுக் குழாய். மருந்தாய்வுச் செய்திகளில் ஒப்பீட்டுக் குழு என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள், அதோடும் இது பொருந்தும். கட்டுப்பாட்டை சர்க்கரைக்கு விட்டுவிடலாம்.

அந்த மாணவி இப்போது குழாய்களில் 'நே.ஒ', 'எ.ஒ', 'வெ' என்று மார்க்கரில் எழுதுகிறாள். வாயில் வருவது மட்டும் இன்னும், "கண்ட்ரோல் போட்டாச்சுண்ணே."