மழை ராத்திரியில் அலறும் கார் அலாரம்: டோர் வயரை வெட்டச் சொல்லாதீர்கள்

ஐப்பசி மழை தொடங்கினால் என் கடைக்கு ஒரே மாதிரியான புகாரோடு கார்கள் வரும். பகலெல்லாம் சும்மா இருக்கும் அலாரம், ராத்திரி 2 மணிக்குத் தெருவையே எழுப்பிவிடும். கோவையில் 20 வருஷத்துக்கு மேலாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறேன். இந்தப் புகாரில் பெரும்பாலும் குற்றவாளி டோர் சுவிட்ச் வயரிங்தான். ஆனால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. கார் அதிர்ந்தால் அலாரத்தைத் தூண்டும் ஷாக் சென்சாரின் உணர்திறனைக் குறைக்கிறார்கள். அதிலும் அடங்காவிட்டால் வயரை வெட்டி டேப் சுற்றி அனுப்பிவிடுகிறார்கள்.

போன வருஷம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். "தம்பி, மழை பேஞ்சா ராத்திரி கத்திட்டே இருந்துச்சுங்க. ஒரு இடத்துல சரி பண்ணிக் குடுத்தாங்க, கத்தறது நின்னு போச்சு. இப்ப கதவைத் திறந்தாலும் கத்த மாட்டேங்குது" என்றார். டேஷ்போர்டுக்குக் கீழே கழற்றிப் பார்த்தேன். அலாரம் பாக்ஸிலிருந்து கதவுக்குப் போகும் வயர் வெட்டப்பட்டிருந்தது. மூன்று மாதமாக அந்தக் கார் காவல் இல்லாமல் வெளியே நின்றிருக்கிறது. வயரை வெட்டியது அவருக்கே தெரியாது.

கதவு திறந்ததை அலாரம் எப்படித் தெரிந்துகொள்கிறது என்று சொல்கிறேன். நம் ஊரில் ஓடும் பழைய கார்கள் பெரும்பாலானவற்றில் டோர் சுவிட்ச் எர்த் கொடுக்கும் வகை (எர்த் என்றால் பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்திருக்கும் காரின் இரும்புப் பாடி). கதவை மூடினால் சுவிட்சின் குமிழ் (pin) உள்ளே அழுந்தி தொடர்பு விடும். திறந்தால் வயர் பாடி எர்த்தைத் தொடும், ரூஃப் லைட் எரியும். அலாரத்தின் டோர் வயரை இதே வயரோடு சேர்க்கிறோம். வோல்ட் அளக்கும் மீட்டரின் கறுப்பு முனையை பெயின்ட் இல்லாத பாடியிலும் சிவப்பு முனையை இந்த வயரிலும் வைத்தால், கதவு மூடியிருக்கும்போது 12 வோல்ட் சொச்சம் காட்ட வேண்டும். திறந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம். சில கார்களில் இது அப்படியே தலைகீழ். அதனால் வயரின் கலரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, அளந்துதான் செய்ய வேண்டும்.

மூடிய கதவில் அந்த 12 வோல்ட் எங்கிருந்து வருகிறது? ரூஃப் லைட் பல்பின் இழை வழியாக வருகிறது. பல்பு வெளிச்சம் மட்டும் தரவில்லை, அந்த வயரை 12 வோல்ட்டில் உறுதியாகப் பிடித்தும் வைத்திருக்கிறது. டீச்சரின் மகன் மழைக்கு முன்னால் அந்தப் பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டிருந்தார். எல்இடியால் அப்படிப் பிடித்து வைக்க முடியாது. வெட்டிய வயரைத் திரும்பச் சேர்த்து, எல்லாக் கதவையும் மூடி அளந்தேன். மீட்டர் 5-க்கும் 7-க்கும் நடுவே ஆடியது. கதவு சுவிட்சுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பின்பக்க இடது கதவின் சுவிட்சைப் பிரித்ததும் வோல்ட் மேலே ஏறியது. அந்தச் சுவிட்சில் பச்சைக் களிம்பு. கதவின் பீடிங் (ஓரத்து ரப்பர்) காய்ந்து விறைத்துப்போய், தண்ணீர் கதவை ஒட்டிய தூண் (பில்லர்) வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தில் கசிந்த மின்சாரம் லைட்டை எரியவைக்கப் போதாது, ஆனால் வோல்ட்டை இறக்கி, கதவு திறந்துவிட்டதாக அலாரத்தை நம்பவைக்கப் போதும். ரூஃப் லைட் எரியவில்லை என்பதால் கதவு சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் காரில் தவறு அங்கேதான் நடந்தது.

சுவிட்சையும் பீடிங்கையும் மாற்றினேன். எல்இடி வேண்டும் என்றதால் அதற்குக் குறுக்கே 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று வைத்தேன். வயர் 12-க்கு வந்து நின்றது.

மெக்கானிக் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. வேலை சுலபம் என்று ரூஃப் லைட்டிலேயே பல்புப் பக்கம் வயரிலிருந்து அலாரத்துக்கு இணைப்பு எடுக்காதீர்கள். லைட் சுவிட்சை யாராவது 'ஆஃப்' செய்தால் எந்தக் கதவு திறந்தாலும் அலாரத்துக்குத் தெரியாது. டோர் சுவிட்சுக்கும் ரூஃப் லைட் சுவிட்சுக்கும் நடுவில் எடுங்கள். பல கார்களில் டிரைவர் கதவுக்குத் தனி வயர் இருக்கும். அதை மற்றக் கதவுகளின் வயரோடு நேராக முறுக்கினால், பின்கதவைத் திறந்தாலும் டிரைவர் பக்க பஸ்ஸர் அடிக்கும். ஒவ்வொரு வயருக்கும் மின்சாரத்தை ஒரே பக்கமாக மட்டும் விடும் ஒரு 1என்4007 டயோடு போட்டுச் சேருங்கள், கோடு போட்ட முனை டோர் சுவிட்ச் பக்கம். விலை சில ரூபாய்தான். டயோடுக்குப் பிறகு, கதவு திறந்த நிலையில் அலாரம் பக்கம் 0.6, 0.7 வோல்ட் காட்டுவது இயல்பு, அதைக் கோளாறு என்று தேடிப்போக வேண்டாம். ஜாயின்ட்டை சால்டரிங் செய்து ஸ்லீவ் போடுங்கள். வெறும் முறுக்கும் டேப்பும் அடுத்த மழைக்குத் தாங்காது.

புதிய கார்கள் பலவற்றில் இந்தக் குமிழ் சுவிட்சே கிடையாது. கதவுப் பூட்டுக்குள்ளேயே சுவிட்ச் இருக்கும், தகவல் கம்ப்யூட்டர் பாக்ஸுக்குப் போகும். அங்கே டெஸ்ட் லேம்பைக் குத்தினால் பாக்ஸே போய்விடலாம். மீட்டர் மட்டும்தான். மஞ்சள் கனெக்டர், மஞ்சள் ஸ்லீவ் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் வயர், கை வைக்கவே வேண்டாம். பூட்டுச் சுவிட்சைச் சோதிக்க, கதவைத் திறந்து வைத்து ஸ்குரூடிரைவரால் கொக்கியை மூடிய நிலைக்குத் தள்ளிப் பார்க்கலாம். சோதனை முடிந்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள்.

கார் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடியை இறக்கிவிட்டு ரிமோட்டில் லாக் செய்யுங்கள். ஒரு நிமிஷம் பொறுத்து, காரை அசைக்காமல் கையை உள்ளே விட்டு ஒரு கதவைத் திறங்கள். சைரன் அடிக்க வேண்டும். ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாக இப்படிப் பாருங்கள். டிக்கிக்கு வேறு வழி: அதைத் திறந்து சும்மா சாய்த்து வைத்து, கதவுகளை மட்டும் லாக் செய்து, பிறகு தூக்கிப் பாருங்கள்.

டீச்சரை நிற்கவைத்து என் கடை வாசலிலேயே இதைச் செய்து காட்டினேன். நான்கு கதவுக்கும் சைரன் அடித்தது. டிக்கிக்கு அடிக்கவில்லை. தேடிப் பார்த்தால், அலாரம் மாட்டிய நாளிலிருந்தே அதற்கு வயர் போடவில்லை. மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து அந்த வயரையும் இழுத்துக் கொடுத்தேன்.