விறகுக்கடையில் தண்ணீர் வாங்காதிருக்க

எங்கள் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு விறகு வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பிறந்ததிலிருந்து கேஸ் அடுப்பைத் தவிர வேறெதையும் பற்றவைத்திராத ஆள் நான். எங்கள் குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கிலோ விலை மற்ற இடங்களைவிடக் குறைவு, பிளந்து கீறியும் கொடுத்தார்கள். பெருமையோடு வண்டியில் ஏற்றி வந்தேன்.

மறுநாள் விடியுமுன்னே சாம்பார் அண்டா ஏறியது. விறகின் ஒரு முனை அடுப்புக்குள், மறுமுனை வெளியே. வெளியே நின்ற முனையில் நுரை கட்டி 'ஸ்ஸ்' என்று நீர் வடிந்தது. பந்தல் முழுக்கப் புகை. சமையல்காரரான தவசிப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, நீரு வெறகு வாங்கல்ல. தண்ணிய எடைபோட்டு வாங்கிட்டு வந்திருக்கீரு."

அவர் சொன்னதில் மிகையே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீராகவே இருக்கலாம். நன்றாகக் காய்ந்த விறகில் அது 20 சதவீதத்துக்குள் இருக்கும். 100 கிலோ பச்சை விறகு வாங்கினால் கையில் கிடைப்பது 50 கிலோ மரம். அதே எடைக்குக் காய்ந்தது வாங்கினால் 80 கிலோ மரம். முழுக்க உலர்ந்த மரம் எரிந்தால் கிலோவுக்குச் சுமார் 18 மெகாஜூல் வெப்பம் தரும். உள்ளேயிருக்கும் ஒவ்வொரு கிலோ நீரையும் சூடாக்கி ஆவியாக்கச் சுமார் 2.5 மெகாஜூல் செலவாகும். கழித்துப் பார்த்தால் பச்சை விறகில் மிஞ்சுவது 775 மெகாஜூல், காய்ந்ததில் 1,390. கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் மிச்சம் பிடித்த என் சாமர்த்தியம் இந்தக் கணக்கோடு புகையாகப் போயிற்று.

ஆனால் ஆவியாக்கும் செலவைவிடப் பெரிய நட்டம் வேறொன்று. விறகு எரிகிறது என்கிறோம்; உண்மையில் சுடராக எரிவது விறகிலிருந்து வரும் வாயு. 200 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறும்போது மரம் சிதைந்து வாயுக்களை விடத் தொடங்குகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி வாயுவாகவே வெளியேறும், மிச்சம்தான் கரி. அந்த வாயு முழுதாக எரிய அடுப்புக்குள் 500, 600 பாகை வெப்பம் வேண்டும். நீர் இருக்கும்வரை விறகின் அந்தப் பகுதி 100 பாகையைத் தாண்டி மேலே போகாது. அடுப்பின் சூடு அதிலேயே செலவழிந்து, பிறந்த வாயு எரியாமல் பந்தலுக்குள் வருகிறது. நம் கண்ணைக் கரிக்க வைக்கும் புகை என்பது நாம் காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட எரிபொருள். ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்துகிறவருக்குக் கொஞ்சம் புகை தேவை. சாம்பார் வைக்கிறவருக்கு அது எதற்கு?

மரத்துக்குள் நீர் இரண்டு விதமாக இருக்கிறது. மரம் என்பது நெடுக அடுக்கிய நுண்ணிய குழாய்களின் கட்டு. குழாயின் உள்ளே தேங்கிய நீர் ஒன்று. அது எளிதில் போய்விடும். குழாயின் சுவரிலேயே ஊறிப் பிடித்திருக்கும் நீர் இன்னொன்று. அது மெல்லத்தான் பிரியும். உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டால் ஈரம் 30 சதவீதம் அளவுக்கு இறங்கும்போது முதல் நீர் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு சுவரின் நீர் குறையக் குறையத்தான் மரம் சுருங்கத் தொடங்கும். அந்தச் சுருக்கம், வெட்டுமுகத்தில் தெரியும் வளையத்தை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் காய்ந்த கட்டையின் முனையில் வெடிப்புகள் நடுத்தண்டிலிருந்து சக்கர ஆரம்போல ஓடுகின்றன.

நீர் குழாய் வழியே நீளவாட்டில் வேகமாக ஓடும். குறுக்கே, பட்டையைத் தாண்டி, வெளியேறப் பெரும்பாடு. ஆகவே குட்டையாக அறுத்துக் கீறிய விறகு சில மாதத்தில் காயும். முழு உருண்டையாகப் போட்டது வருடம் தாண்டினாலும் உள்ளே பச்சையாகக் கிடக்கும்.

இது தெரிந்தால் கடையில் ஏமாற வேண்டியதில்லை. முனையில் வெடிப்பு இருக்கிறதா, பட்டை கையோடு வருகிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். அது போதாது. முனைதான் முதலில் காய்கிற இடம். வெடிப்பு சில வாரத்திலேயே வந்துவிடும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். நீர் போன சுவர் விறைப்பாக இருப்பதால் 'டங்' என்று கணீரென ஒலிக்கும். ஈர விறகு 'தொப்' என்று அடங்கிவிடும். இன்னும் சந்தேகம் இருந்தால், "அண்ணாச்சி, இதுல ஒண்ண மட்டும் நடுவாக்குல கீறிக் காட்டுங்க" என்று கேளுங்கள். மறுக்கிற கடையில் நான் இப்போது வாங்குவதில்லை. கீறிய உள்முகத்தைக் கன்னத்தில் வைத்தால் ஈரம் சில்லென்று தெரியும்.

இரண்டு ஊசி குத்தி ஈரம் காட்டும் சிறு மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. ஈரம் கூடினால் மரத்தில் மின்சாரம் எளிதாகப் பாயும் என்பதே அதன் சூட்சுமம். அதையும் புதிதாகக் கீறிய முகத்தில்தான் குத்த வேண்டும். பொதுவாக அது காய்ந்த மரத்தோடு ஒப்பிட்டு ஈரத்தைச் சொல்வதால், மொத்த எடையில் 20 சதவீதம் என்பது அதில் 25 என்று வரும்.

எந்த மரம் நல்லது என்று கேட்டால், எப்படி அளந்து வாங்குகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் முழுக்க உலர்ந்த எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே வெப்பம்தான் தரும். புளியும் சவுக்கும் பெயர் வாங்கியது அடர்த்தியால்; அதே இடத்துக்குள் அதிக மரம், நின்று எரியும் தணல். முருங்கையும் இலவமும் பஞ்சுபோலப் பற்றி முடிந்துவிடும். எடைக்கு வாங்கினால் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பாருங்கள். லோடு கணக்கில் வாங்கினால் இனத்தையும் பாருங்கள். புளியைக் கீறுவது லேசில்லை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கசாப்புக்கடைக்காரர்கள் அதைச் சும்மா அடிக்கட்டையாக வைத்திருக்கவில்லை.

நம் மாவட்டத்தில் அதிகம் புழங்கும் ரப்பர் விறகு நடுத்தரம். நன்றாகக் காய்ந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். ஈரத்தோடு குவித்துப் போட்டால் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும், உளு விழுந்து மாவாக உதிரும். உதிர்ந்தது திரும்பாது. வெட்டின கையோடு கீறிவிடுவதே அதற்கு மருந்து.

காய வைக்க நம்மூர் ஒரே சீரான இடமும் இல்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலையைச் சுழற்றும் காற்று, விறகைச் சுற்றித் தேங்கும் ஈரக்காற்றையும் தள்ளிக்கொண்டு போகும். மேற்கே விளவங்கோட்டு ரப்பர் நிழலில் அது நடக்காது. கோடையில் கீறி, இரண்டு செங்கல் வரிசைமேல் இடைவெளி விட்டு அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள். தார்ப்பாயால் சுற்றிக் கட்டினால் ஆவி வெளியே போக வழியின்றி அங்கேயே வேர்த்து நிற்கும்.

மிஞ்சிய என் பச்சை விறகை அப்படித்தான் அடுக்கினேன். ஒரு துண்டில் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்தேன். பாதி நீரோடு ஒரு கிலோ இருக்கும் துண்டு 625 கிராமுக்கு இறங்கினால் ஈரம் 20 சதவீதம். அதன் பின் இன்னும் கொஞ்சம் இறங்கி எடை ஓரிடத்தில் நின்றுவிடும். சுற்றியுள்ள காற்றின் ஈரமும் மரத்தின் ஈரமும் ஒரு சமநிலைக்கு வந்துவிட்டன என்று அர்த்தம். கடற்கரைக் காற்றில் இதற்கு மேல் தானாகக் காயாது. பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகை ஏற்றி வைத்தது அந்த மிச்ச ஈரத்துக்காகத்தான்.