தூண்டல், துலங்கல்: தார்க்குச்சியா, திரியா?

காரைக்குடியில் பி.எட். படிக்கிறவர்களுக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் கல்வி உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வாரத்திலேயே 'தூண்டல் – துலங்கல்' வந்துவிடும். மணியடித்து உணவு கொடுத்துப் பழக்கிய நாய்க்கு மணி கேட்டதுமே எச்சில் ஊறும். அதில் மணியோசை தூண்டல், உமிழ்நீர் துலங்கல் என்று எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஒருநாள், "சரி, உளவியலை விடுங்கள், வெறும் தமிழில் துலங்கல் என்றால் என்ன?" என்று கேட்பேன். வகுப்பு அமைதியாகிவிடும். ஏனம், அதாவது பாத்திரம், துலக்குகிற வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள்தான் அத்தனை பேரும். கையில் இருக்கிற சொல்லைக் கலைச்சொல் என்று சொன்னதும் தூரத்தில் வைத்துவிடுகிறோம். அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் தூண்டலுக்கு 'ஸ்டிமுலஸ்'. அது லத்தீன் சொல், பொருள் மாட்டைக் குத்தி ஓட்டுகிற கோல். நம் ஊரில் அதற்குத் தார்க்குச்சி என்று பெயர், எழுத்துத் தமிழில் தாற்றுக்கோல். குச்சியின் நுனியில் ஆணி இருக்கும். சிவகங்கைப் பக்கத்து மாட்டுவண்டி எல்கைப் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓடுகிற மாட்டை விரட்ட எத்தனை வழி உண்டு என்று. சாரதி கயிற்றைச் சுண்டுவார், வாலைத் திருகுவார், துணைச் சாரதி கூடவே ஓடிக்கொண்டு சத்தம் போடுவார். இதிலெல்லாம் கொடியது அந்த ஆணி. ரோமானிய உழவன் கையிலும் இதே சாமான்தான் இருந்தது.

மருத்துவ நூல்களை லத்தீனில் எழுதிய காலத்தில், ஓர் உறுப்பைச் சுறுசுறுப்பாக்குகிற எதற்கும் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து உடலியலுக்கும், அப்புறம் உளவியலுக்கும் வந்தது. வரும்போது ஆணி கழன்றுவிட்டது. இன்று உளவியலில் அதன் பொருள், புலன்கள் உணரக்கூடிய ஒரு மாற்றம், அவ்வளவுதான். வெளிச்சம், சத்தம், வாசனை, ஈ உட்காருவது, வயிற்றுக்குள் ஏற்படும் வலி, எதுவானாலும் சரி. அதற்கு நோக்கம் தேவையில்லை. குத்துகிற ஆளும் தேவையில்லை.

மாணவர்கள் தடுமாறுகிற இடம் இது. 'கலவரத்தைத் தூண்டினார்', 'தற்கொலைக்குத் தூண்டுதல்' என்று செய்தித்தாளில் படித்த பழக்கத்தில், தூண்டல் என்றதும் பின்னால் ஒருவர் இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். '-தல்', '-அல்' இரண்டும் தொழிற்பெயர் விகுதிகள்தான், இலக்கணப்படி தூண்டுதலும் தூண்டலும் ஒன்றே. ஆனால் வழக்கு இரண்டையும் பிரித்துவிட்டது. ஆள் செய்வது தூண்டுதல், புலனில் படுவது தூண்டல். இந்தப் பிரிவை நான் வரவேற்கிறேன். இன்னொரு குழப்பம், பசியையும் தூண்டல் என்று எழுதுவது. பசி உள்ளிருந்து தள்ளுகிற உந்துதல். பணியாரக் கல்லிலிருந்து வருகிற வாசனை தூண்டல். "கணக்கை முடித்தால் இரண்டு பணியாரம்" என்று சொன்னால் அந்தப் பணியாரம் ஊக்கப்பொருள். மூன்றும் ஒரே அடுப்படியில் இருந்தாலும் மூன்றும் வேறு.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பழைய பாட்டுகளில் தேரைத் தூண்டுவதும் குதிரையைத் தூண்டுவதும் உண்டு. ஆகவே ஓட்டுகிற பொருள் தமிழுக்குப் புதிதில்லை. ஆனால் தூண்டு என்ற வினை நம் வீடுகளில் அதிகம் புழங்கிய இடம் விளக்கு. 'எனக்குத் தூண்டுகோலாக இருந்தவர்' என்று மேடையில் சொல்கிறோமே, அந்தத் தூண்டுகோல் விளக்குத் திரியை ஏற்றிவிடுகிற குச்சி. தூண்டவே வேண்டாத விளக்கு தூண்டா விளக்கு, அதாவது நந்தா விளக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் தொங்குகிற தூண்டாமணி விளக்கின் பெயரிலும் இதே வினைதான் இருக்கிறது.

கோட்டையூரில் என் ஆயா (பாட்டி) வீட்டில் வளவில் ஒரு குத்துவிளக்கு எரியும். சாயந்தரம் ஏற்றினால், பாதிப் பொழுதில் திரியின் நுனி கருகிச் சுடர் இறங்கிவிடும். "திரியத் தூண்டி விடு ஆத்தா, அழுது வடியுது பாரு" என்பார் ஆயா. விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சியால் கருகலைத் தட்டிவிட்டு, எண்ணெயில் ஊறிக் கிடக்கிற திரியை ஒரு நெல் அளவு முன்னால் இழுக்க வேண்டும். அதிகம் இழுத்தால் புகையும், குறைந்தால் பயனில்லை. சரியாக இழுத்தால் சுடர் ஒரு கணம் ஆடிவிட்டு நிமிரும். விளக்கின் பித்தளை முகமும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆயாவின் வைரத்தோடும் சேர்ந்து பளிச்சென்று துலங்கும்.

தூண்டியது திரியை, துலங்கியது சுடர். துலங்குதல் என்றால் ஒளிர்தல், விளங்குதல். துலக்குதல் அதன் பிறவினை, ஒளிரச் செய்வது. புளி போட்டு விளக்கைத் துலக்குகிறோம், பல் துலக்குகிறோம். "மருமக வந்த நேரம் வீடு துலங்கிருச்சு" என்கிறோம். தூண்டல், துலங்கல் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு விளக்கு எரிவது தெரியும். ஆங்கில இணையில் இந்தப் பொருத்தம் கிடையாது. அங்கே முதல் சொல் மாட்டுக் கொட்டகையில் பிறந்தது. இரண்டாவது சொல்லான 'ரெஸ்பான்ஸ்', பதிலுக்கு வாக்குக் கொடுப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. நாய்க்கு எச்சில் ஊறுவது யாருக்குக் கொடுத்த வாக்கு? 'பதில்', 'மறுமொழி' என்று நாம் மொழிபெயர்த்திருந்தால் அதே சிக்கல் நமக்கும் வந்திருக்கும். துலங்கல் நம்மைக் காப்பாற்றியது.

"நத்தையைத் தொட்டால் சுருங்குகிறது, அது எப்படித் துலங்கல் ஆகும்?" என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. விடை இன்னொரு வழக்கில் இருக்கிறது. 'கொலை வழக்கில் துப்புத் துலங்கியது' என்று எழுதுகிறோம். மறைந்திருந்தது கண்ணுக்குத் தெரிய வந்தது என்று பொருள். நத்தை சுருங்குவதும் அப்படித்தான், உள்ளே நடந்தது வெளியே தெரிகிறது. 1913-இல் அமெரிக்காவில் ஜான் வாட்சன், உளவியல் என்பது வெளியே பார்க்கக்கூடிய நடத்தையைப் பற்றிய அறிவியலாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். தூண்டல்–துலங்கல் என்ற பேச்சை வளர்த்தது அந்த நடத்தையியல் மரபு. வெளியே தெரிவதை மட்டும் கணக்கில் எடுத்த மரபுக்கு, 'தெரிய வருதல்' என்று பொருள்படும் சொல்லைவிடப் பொருத்தமானது எது?

இந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு எப்போதும் ஓர் எலி ஞாபகம் வரும், ஆய்வுக்கூடத்து எலி அல்ல. வேதாரண்யம் கோயிலில் நெய் குடிக்க வந்த எலி, அணையப்போன விளக்கின் திரியைத் தற்செயலாகத் தூண்டிவிட்டது, அந்தப் புண்ணியத்தால் மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தி ஆனது என்பது தலபுராணம். அப்பர் தேவாரத்தில் இது வருகிறது: 'கறைநிறத்து எலிதன் மூக்குச் சுட்டிடக் கனன்று தூண்ட'. எலி வேண்டுமென்று தூண்டவில்லை. மூக்கு சுட்டது, வெடுக்கென்று அசைந்தது, திரி ஏறியது. எலிக்குச் சூடு தூண்டல், அசைவு துலங்கல். விளக்குக்கு அந்த அசைவே தூண்டல், சுடர் துலங்கல். ஒன்றின் துலங்கல் அடுத்ததற்குத் தூண்டல் ஆகலாம் என்பதை இந்த ஒரு வரியை வைத்து நடத்திவிடுவேன்.

மூக்கு சுட்டதும் யோசிக்காமல் தலையை இழுப்பதைப் பாடநூல் அனிச்சைச் செயல் என்கிறது. இச்சை இல்லாமல் நடப்பது என்ற வடமொழிச் சேர்க்கை அது. பிள்ளைகள் பாதிப் பேர் அதை அனிச்சம் பூவோடு சேர்த்துவிடுகிறார்கள். மோந்தாலே குழைகிற பூ என்று குறளில் படித்ததால் வருகிற மயக்கம், கேட்கவும் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வேர் வேறு. இலங்கைத் தமிழர் இதற்குத் தெறிவினை என்கிறார்கள். சுண்டிவிட்டதுபோல் தெறித்து நடக்கிற வினை. என் கரும்பலகையில் இரண்டையும் எழுதுவேன், தெறிவினைக்குக் கீழே ஒரு கோடு போடுவேன்.

இவ்வளவு நல்ல சொற்களுக்கு நடுவே ஒரு கரடுமுரடான சொல்லும் உண்டு: ஆக்கநிலையிறுத்தம். 'கண்டிஷனிங்' என்பதற்கு நம் கையேடுகள் தருவது. ரஷ்யாவில் இவான் பாவ்லோவ் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்தவர், 1904-இல் அதற்காகவே நோபல் பரிசு பெற்றவர். உணவு வாய்க்கு வரும் முன்பே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் கவனித்து அதன்பின் போனார். அவர் ரஷ்ய மொழியில் வைத்த பெயருக்கு, ஒன்றைச் சார்ந்து மட்டும் நடக்கிற தெறிவினை என்று பொருள். மணிக்குப் பின் உணவு வந்தால்தான் மணிக்கு எச்சில் ஊறும், அந்தச் சார்புதான் பெயரில் இருந்தது. ஆங்கிலத்தில் அது 'கண்டிஷண்டு' ஆனது, 1927-இல் வந்த மொழிபெயர்ப்பு நூலும் அதையே வைத்தது. சார்பு போய், எதையோ செய்து மாற்றப்பட்டது என்ற தொனி வந்துவிட்டது. நாம் அதற்கும் மேலே போய் ஆக்கம், நிலை, இறுத்தம் என்று மூன்றை அடுக்கினோம். ஏன்? வண்டிக்கு மாட்டைப் பழக்குகிற ஊர் இது. பழக்குதல் என்று சொன்னால் யாருக்குப் புரியாது?

கையேடுகளில் உணவை இயற்கைத் தூண்டல் என்றும் மணியைச் செயற்கைத் தூண்டல் என்றும் எழுதுகிறார்கள். இதை நான் ஏற்பதில்லை. மழை வாசனையைக்கூட ஒரு நாய்க்கு அப்படிப் பழக்கலாம், மழை செயற்கையா? இயல்புத் தூண்டல், பழகிய தூண்டல் என்பதே சரி. தேர்வில் மதிப்பெண் வேண்டுமென்றால் கையேட்டுச் சொல்லை எழுதுங்கள், புரிந்துகொள்ள இதை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு சொல். மணி அடித்துக்கொண்டே இருந்து உணவு வராமலே போனால், எச்சில் ஊறுவது குறைந்து நின்றுவிடும். ஆங்கிலத்தில் இதன் பெயர் 'எக்ஸ்டிங்ஷன்'. அதன் லத்தீன் மூலம் தீயை அணைப்பது. தமிழில் 'அழிதல்' என்று எழுதுவது தவறு. பாவ்லோவே கண்டார், சிறிது ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி மணி அடித்தால், நின்றுபோன எச்சில் மீண்டும் ஊறியது. அழிந்தது எப்படித் திரும்பும்? 'அணைதல்' பரவாயில்லை. ஆனால் ஆயா வீட்டில் விளக்கை அணை என்று சொல்லக் கூடாது. "குளிர வை" என்பார், இல்லையென்றால் "அமர்த்து" என்பார். திரி அங்கேயே இருக்கும், எண்ணெய் இருக்கும், சுடர் மட்டும் அமர்ந்திருக்கும். 'அமர்தல்' என்று இந்தக் கலைச்சொல்லை வைக்கலாம் என்பது என் எண்ணம்.

அதற்குச் சான்றும் ஆயா வீட்டிலேயே இருக்கிறது. சாமான் அறையைப் பூட்டியிருப்பார். சீப்புச் சீடையும் மாவுருண்டையும் உள்ளே தகர டின்னில் இருக்கும். இடுப்புச் சாவிக்கொத்து குலுங்கினால் வீட்டின் எந்தக் கட்டில், அதாவது எந்தப் பகுதியில், விளையாடிக்கொண்டிருந்தாலும் எங்களுக்கு வாய் ஊறிவிடும், ஓடி வருவோம். ஒரு மே மாதம், வீட்டுக் கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க அறை அறையாகத் திறந்துகொண்டே இருந்தார். நாள் முழுக்கச் சாவிச் சத்தம், சீடை மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் நாங்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலையாட்கள் போய், இரண்டு நாள் வீடு சத்தமில்லாமல் கிடந்தது. அதற்கடுத்த காலை, இரண்டாம் கட்டில் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தேன். முகப்புப் பக்கம் எங்கோ கொத்து ஒருமுறை குலுங்கியது. கல்லைக் கீழே போடுவதற்கு முன்பே வாய் ஊறிவிட்டது.